அம்மா நடந்து பார்த்த பதினெட்டு மாதங்கள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கேள்விகளும் நினைவிருக்கும். விடை தெரியாமல் எதையும் விடமாட்டார்.

பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, மணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். இஞ்சிக் கிடங்கில் வேலை பார்த்த அப்பா இளம் வயதிலேயே காலமானார். அம்மா பலகாரம் செய்து கொடுத்து அண்ணாவையும் என்னையும் வளர்த்தார். மலையாளப் பத்திரிகையை எழுத்துக்கூட்டித் தாமே படிக்கக் கற்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எழுபதைக் கடந்த அம்மாவுக்கு இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். பயந்துபோன நாங்கள் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. உப்பில்லாக் கஞ்சியை நானே ஊட்டினேன். நான்கு மாதங்களில், எதையாவது பிடிக்காமல் நிற்க முடியாதவராகிவிட்டார். அதைவிட, அவர் கேள்வி கேட்பதை நிறுத்தியதுதான் என்னைக் கலக்கியது.

பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து வந்த புதிய டாக்டரம்மா, எங்களிடம் பேசாமல், என்ன வேண்டும் என்று நேரே அவரிடமே மலையாளத்தில் கேட்டார்: "அம்மைக்கு எந்தா வேண்டது?"

அம்மா யோசித்தார். "எனக்கொரு சம்சயம் டாக்டரே. சீக்கு நெஞ்சுக்குத்தானே? கால் ஏன் இப்படித் துவண்டு போச்சு?"

டாக்டரம்மா அவர் காலைத் தொட்டுப் பார்த்தார். இதயம் பலவீனம்தான், ஆனால் காலை மெலியவைத்தது கட்டில் என்றார். மெல்ல நடக்கட்டும், மூச்சு முட்டினால் நிற்கட்டும் என்றார்.

"நடக்கறச்சே ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றார் அண்ணா.

"ஆகலாம். கிடந்தாலும் ஆகலாம்."

முதல் வாரம் ஜன்னல்வரை. பிறகு வாசல். ஒரு மாதம் கழித்து, மூன்று வீடு தள்ளியிருந்த குஜராத்தி மாமி வீட்டுக்குப் போகவேண்டும் என்றார் அம்மா. அவர்கள் மோர்க்குழம்பு ஏன் இனிக்கிறது என்று முப்பது வருஷமாக அவருக்குச் சந்தேகம். வழியில் இரண்டுமுறை நின்றார்.

"மூச்சு வாங்கறதேம்மா, திரும்பிடலாமா?" என்றேன்.

"வாங்கட்டும். போகாமத் தெரியுமோ?"

மாமியின் அடுப்படியில் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "வெல்லமாக்கும் போடறா!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாகியிருந்தது!

நோய் குணமாகவில்லை. இருமுறை ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜன்னல்வரைகூட முடியாத நாட்களும் உண்டு. ஆயினும் பதினெட்டு மாதங்கள் எங்களோடு வாழ்ந்து, ஒரு மழைக்காலப் பிற்பகலில், வீட்டில், என் தோளில் சாய்ந்தபடி விடைபெற்றார்.

அம்மாவை நோயாளியாக மட்டும் பாராத டாக்டரம்மாவுக்கும், அவருக்கென்று வாசலில் நாற்காலி போட்டுவைத்த குஜராத்தி மாமிக்கும், துயரில் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இளைய மகளான நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்பென்று எண்ணி அவரைப் படுக்கவைத்த அந்த நான்கு மாதங்களுக்காக ஒருநாள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பயந்துட்டே. நானும்தான் பயந்தேன்," என்றார். "அது போறது, விடு. கையைக் குடு, எழுந்துக்கறேன்."