மாமா கண்ணைக் காட்டிய அறுவடை

ஒற்றைக் கண்ணை மூடியே மிராசுதாரை மடக்கியவர் எங்கள் ஊரில் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி, விவசாயக் கூலிகளின் சங்கத்துக்குத் தலைவர். பீடியைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்பட்டவரல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊருக்கு ஊர் கூலித் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்க, அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு எங்கள் ஆட்கள் அரிவாளைத் தொடாமல் இருந்தார்கள். தாசில்தார் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுவார்த்தை வைத்தார். பிள்ளைகளுக்கு லீவு விட்டும் வீட்டுக்குப் போகாமல் ஜன்னலில் தொங்கியது நான் மட்டும்தான். மிராசுதாருக்கு வாத்தியார் நாற்காலி. எங்கள் ஆட்கள் இரண்டாம் வகுப்பு பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சரிப்படாது என்றால் மாமா கண்ணைக் காட்டுவார், உடனே எழுந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

மாமாவுக்கு இரண்டு நாளாகக் கண்ணுக்குப் பின்னால் தலைவலி. வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது நெற்றியைப் பிடித்தபடி எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினார். இடது இமை மெதுவாக இறங்கி மூடிக்கொண்டது. அவ்வளவுதான், பெஞ்சு உருள, பத்துப் பேரும் எழுந்து வெளியே நடந்தார்கள். மாமாவும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். வாய்க்காலைத் தாண்டுவதற்குள் மிராசுதாரின் காரியஸ்தர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அரைப்படிதானே, தர்றேன்னு சொல்லிட்டாங்க! ஆளை இறக்குங்க!"

மறுநாளும் இமை ஏறவில்லை. மாமாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "விரலால தூக்கிப் பார்த்தேன். மிராசுதாரு ரெண்டு பேராத் தெரியுறாரு. ஒருத்தரே போதாதா? மூடிட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மாதான் என்னையும் அவரையும் கும்பகோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அந்தக் கண்ணில் டார்ச் அடித்தார். பாவை சுருங்காமல் விரிந்தே நின்றது. பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நாளைக்கு எத்தனை பீடி என்றார். மாமா பாதியைச் சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ஓரிடம் பலவீனப்பட்டு மொட்டு மாதிரிப் புடைத்திருக்கலாம், அதுதான் இமையைத் தூக்கும் நரம்பை அழுத்துகிறது, மெட்ராஸில் படம் எடுத்துப் பார்த்து, மண்டையைத் திறந்து கிளிப் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நோவுன்னு வெளிய தெரிஞ்சா அரைப்படி போயிடும் டாக்டர். அறுப்பு முடியட்டும்."

"ஆத்துக்கரை புடைச்சா அறுப்பு முடியட்டும்னு இருப்பீங்களா?"

"உடனே மூங்கிலடிச்சு மண்ணு போடுவோம்."

"உடைஞ்சப்புறம்?"

உடைப்பெடுத்த கரையை மாமா பார்த்திருக்கிறார். "சீட்டு எழுதுங்க" என்றார்.

நான் என் தலையிலிருந்த சிவப்புக் கிளிப்பைக் கழற்றி நீட்டினேன். டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சின்னதாக வேண்டுமே என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

மெட்ராஸில் கிளிப் போட்டார்கள். மாமா மொட்டைத் தலையோடு ஊர் திரும்பினார். இமை முழுசாக ஏற மாதக்கணக்காயிற்று. பீடி போனது, அரைப்படி போகவில்லை. ஊரே சந்தோஷப்பட்டது, நான் ஒருத்தியைத் தவிர. எனக்கு அம்மாவின் மேல் தீராத கோபம்.

காரணம், மெட்ராஸுக்குப் போகும்போது ரயிலில் நடந்தது. மாமாவைக் குஷிப்படுத்த நான் மிராசுதாரைப் போல வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிப் பேசிக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

"புள்ளைய ஏன்க்கா அடிக்கிற?"

"பெரியவங்களப் பழிச்சுக் காட்டலாமா?" என்ற அம்மா, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரித்தாலும் இருமினாலும் அந்தப் புடைப்பு உடைந்துவிடக்கூடும், போய்ச் சேரும்வரை ஆளை அலுங்காமல் கொண்டுபோங்கள், அவரிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள் என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. மிராசுதாருக்குப் பரிந்துகொண்டு பெற்ற மகளை அடித்தவள் என்றே அவளை வெகுகாலம் நினைத்திருந்தேன்.