தீர்க்கதரிசி அழைத்த கிழமைப் பெயர்

குமாசி நகரில் தன் சபைக்கு ஜெபச் செயலி எழுதியவள் மான்சா. முகநூல் கணக்கால் உள்ளே வருபவரின் பெயர், படம், பிறந்த தேதி, மறுபடி கேட்காமலே விவரம் எடுக்க உதவும் டோக்கன், எல்லாம் சபையின் கணினியில் சேர்ந்தன.

அந்த ஞாயிறு தீர்க்கதரிசி கண்களை மூடி அழைத்தார்: "செவ்வாய்க்கிழம பொறந்த ஆத்மாவே, அபெனா, செர்வாங்கிற மகளே, எந்திரி. கத்திக்குப் போகாதே."

அந்த ஊர் வழக்கத்தில் பிறந்த கிழமைதான் ஆத்மாவின் பெயரைத் தரும்; செவ்வாயில் பிறந்த பெண் அபெனா. மான்சாவின் அக்கா செர்வா எழுந்து நின்றாள். புதன்கிழமை அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி அறுவை. அதற்காக ஜெபிக்கச் சொல்லிச் செயலியில் எழுதியிருந்தாள்.

பக்கத்திலிருந்த மான்சாவும் ஒரு கணம் நம்பிவிட்டாள். பிறகுதான் உறைத்தது.

"அக்கா, நீ பொறந்தது வியாழக்கிழம. உன் ஆத்மா பேரு 'யா', அபெனா இல்ல."

"வாய மூடுடி, சபை நடக்குது."

"பதினோரு வயசுல முகநூல் கணக்குத் தொடங்க வயசக் கூட்டிப் பொய்த் தேதி போட்டியே, அந்தத் தேதிதான் செவ்வாக்கிழம. ஆவிக்கு உன் கிழம தெரியாதா? அவருக்குச் சொன்னது நான் எழுதின செயலி."

மேடையில் குரல் இன்னும் "அபெனா, அபெனா" என்றது. செர்வா பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

பின்னால் வேறொரு கிழமைப் பெயர் ஒலித்தது. ஒரு பெண் அலறி விழுந்தாள். அவள் உண்மையான தேதியைக் கொடுத்திருந்தாள்.