ஈடாக வைத்த சொம்பு

எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு மெட்ராஸில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக்குத் திரும்பிய ஆறாம் வாரம் விக்கல் பிடித்தது. இருதயத் துடிப்புக்கு ஒன்று வீதம். யார் நினைக்கிறார்கள் என்று உறவினர்கள் பட்டியல் போட்டார்கள். நான் கலைக்களஞ்சியத்தில் ‘வி’யைப் புரட்டினேன். இரண்டும் ஒரே அளவுக்குப் பயன்பட்டன. அவர் தலைசுற்றி வரப்பில் விழுந்த பிறகுதான் மறுபடி ரயில் ஏறினோம்.

பேஸ்மேக்கரிலிருந்து இருதயத்துக்குப் போகும் ஒயரின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, விக்கலும் அதனால்தான் என்றார் டாக்டர். மறுபக்கம் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் பழையதை உருவியபோது அது அறுந்து, ஒரு துண்டு இருதயத்துக்குள் தங்கிவிட்டது. விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து. நெஞ்சைத் திறந்தால் உடம்பு தாங்காது. அதனால் தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, அதன் முனைச் சுருக்கில் துண்டை மாட்டி இழுக்கப் போகிறார்கள். படித்துத் தயாரித்த ஆறு கேள்விகளோடு நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

“பாதாளக் கரண்டி போடறீங்க. அப்படித்தானுங்களே?”

கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கும் அந்தக் கொக்கிக் கொத்து எங்கள் சுற்றுவட்டாரத்தில் எங்களிடம்தான் இருந்தது. இரவல் கேட்பவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வாளி மாட்டாது என்பது அப்பாவின் கட்சி. என் மாமனாரே ஒருமுறை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்ட்ரெச்சரில் ஏறியதும் அப்பா தன் பித்தளைச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

“இத உள்ள குடுத்துரு சாமி.”

“இது ஆஸ்பத்திரிங்கப்பா. சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டுப் போறாங்க. சாமான் அவியளுது. நாம பாத்திரம் வெக்கோணுமல்லோ.”

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். சொம்பை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். படித்தவன் அல்லவா.

கிணற்றடியில் என்றால் பத்துப் பேர் சுற்றி நின்று, கிழக்கே போடு, மேற்கே போடு என்று யோசனை சொல்வார்கள். இங்கே அதற்கும் வழியில்லை. ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தார்.

“மாட்டுச்சு. நழுவிடுச்சு.”

இன்னொரு மணி நேரம். “இன்னும் மாட்டலை.”

ஏதாவது வாங்கி வரட்டுமா என்றேன். ஒன்றும் வேண்டாம் என்றார். மருந்துச் சீட்டுக்கூடக் கொடுக்காத ஆஸ்பத்திரியைப் போல் மனிதனைப் பயமுறுத்துவது வேறில்லை.

மூன்றாம் முறை அவர் முகத்தைப் பார்த்ததும் குனிந்து சொம்பை எடுத்து நீட்டினேன்.

“எதுக்குங்க? யூரின் டெஸ்ட் காலையிலயே எடுத்தாச்சே.”

“உள்ள ஒரு ஓரமா வெச்சுருங்க. போதுங்க.”

அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு என் கையில் பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை.

துண்டு வந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று யாரிடமும் வாதிட்டு ஜெயிப்பேன், ஒருவரைத் தவிர. தொடையை மட்டும் மரத்துப்போக வைத்திருந்ததால் அப்பா முழு நேரமும் விழித்தே இருந்திருக்கிறார். வெளியே வந்ததும் கேட்டார்.

“எப்பக் குடுத்தே?”

“கடைசியிலீங்க.”

“அதான பாத்தேன்,” என்றார். “ஒவ்வொருக்காக் கதவு தெறக்கறப்பவும் பாத்துட்டே கெடந்தேன் சாமி. சொம்பே வரல.”