கல்கத்தாவில் கரைந்த மஞ்சள்

1908ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஹௌராவில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஆயிரத்து முப்பது மைல். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. கல்கத்தாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று கும்பகோணத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பொய்! என் தங்கை விசாலம் என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அப்பா அம்மா போனபின் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் வாயால் ஒரு தரம் 'அண்ணா' என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

பவானிப்பூருக்கு வண்டிக்காரன் ஒரு ரூபாய் கேட்டான். அடித்துப் பேசிப் பன்னிரண்டணாவுக்கு இறக்கினேன். ஆற்றங்கரை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அவன் சாவகாசமாக வெற்றிலை போட ஆரம்பித்தான். பேரம் பேசியதற்குப் பழிவாங்குகிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. தமிழிலேயே நன்றாகத் திட்டித் தீர்த்தேன். அவன் சாட்டையை நீட்டிக் காட்டினான். கப்பல் போவதற்காக மிதவைப் பாலத்தின் நடுப்பகுதியைத் திறந்திருந்தார்கள். 

ஒன்பதரை மணிக்கு வீடு கிடைத்தது. விசாலத்தின் புருஷர் ராமநாதன், கார்டன் ரீச்சில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. நான் வருவதை அவருக்கு எழுதியிருந்தேன்.

"வாங்கோ, வாங்கோ! பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

விசாலம் வாசல்வரை வந்தாள், பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். இளைத்திருந்தாள். "ராஜி, கால் அலம்ப ஜலம் இருக்குன்னு மாமாகிட்டச் சொல்லு" என்று குரல் மட்டும் வந்தது.

ராஜி அவள் பெண், நாலு வயசு. அன்றுதான் முதலில் பார்க்கிறேன். குழந்தைக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். வங்காளத்திலும் மாமாவுக்கு மாமா என்றே பெயராம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் தயங்காமல் சொன்னாள்.

பதினோரு மணிக்கு இலை போட்டார்கள். சாம்பார் சாதம் முடியும்வரை எல்லாம் ராஜி மூலமாகவே நடந்தது.

"மாமாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு."

எனக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. சாரதா கல்யாணத்துக்கும் வராம, மூணு வருஷமா ஒரு கடுதாசும் போடாதவ ஆத்து ரசம் எனக்கெதுக்கு?" என்றேன். சாரதா என் மூத்த பெண்.

சமையலறை நிலைப்படியில் விசாலம் வந்து நின்றாள். "கடுதாசைப் பத்தி அவரைப் பேச வேண்டாம்னு சொல்லு, ராஜி! கல்யாணப் பத்திரிகைன்னு ஒண்ணு வந்துதே, ஒரு மூலையிலயாவது மஞ்சள் இருந்துதா? யாரோ போயிட்டான்னு சொல்ற கடுதாசு மாதிரி வெறும் வெள்ளையா வந்துது. பிரிக்கவே பயமா இருந்துது. வரவேண்டாம்னு நேரா எழுதியிருக்கலாமே!"

அடக் கடவுளே! பட்டணவாசத் திமிர் என்று மூன்று வருஷமாக நான் நினைத்திருந்தது இதைத்தானா? இருநூறு பத்திரிகையில் முதலில் அவள் விலாசத்தைத்தான் எழுதினேன். கல்கத்தா தூரமாயிற்றே, அன்றைய தபாலிலேயே போகட்டும் என்று, மஞ்சள் குழைப்பதற்குள் அதைமட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சொல்ல வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை ராமநாதன் முந்திக்கொண்டார்.

"அது சித்திரை மாசமோன்னோ? சாயங்காலமானா இங்கே புயலும் மழையும்தானே! தபால் பை நனைஞ்சிருக்கும், மஞ்சள் கரைஞ்சு போயிருக்கும்." என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

மழையால் இல்லை என்றால் அவர் பொய்யராவார். ஒன்றுமில்லாததற்கு மூன்று வருஷம் முறுக்கிக்கொண்டவள் என்று விசாலமும் கூனிக்குறுகுவாள். "அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் உள்ளே போய் ரசத்தோடு வந்தாள். "எங்களுக்கும் வரணும்னுதான். இவருக்கு லீவு கிடைக்கலை, அண்ணா."

மாப்பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்தார்; அவர் லீவே கேட்கவில்லை என்று புரிந்துகொண்டேன். "ஆபீஸ்னா அப்படித்தான்" என்றேன். கண்ணில் ஜலம் முட்டியது. மிளகு காரம் என்று சொல்லிவைத்தேன்.

புதன்கிழமைவரை இருந்தேன். காளி கோயிலுக்குக் கூட்டிப்போனாள்; மின்சார டிராமில் ஏற்றிக் காட்டினாள். பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாளிடம் மழைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அடங்கிவிடும். கும்பகோணத்தில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தால் இந்தச் சண்டை ஒரு பொழுதில் தீர்ந்திருக்கும். பத்திரிகையைக் கையிலேயே கொடுத்திருப்பேனே!

வியாழக்கிழமை மூவரும் ஹௌராவுக்கு வந்து ஏற்றிவிட்டார்கள். மணி அடித்தபிறகு விசாலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவ காமுவுக்கு எப்போ, அண்ணா?"

"வர தையிலே பண்ணலாம்னு இருக்கேன்."

"அப்போ எனக்குத்தான் முதல் பத்திரிகை போடணும். ஊர்லே இருக்கறவாளுக்கெல்லாம் போட்டுட்டுக் கடைசியா எனக்கு அனுப்பப்படாது, ஆமாம்!"

மாப்பிள்ளை அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"போடறேன்டி" என்றேன்.

வண்டி நகர்ந்தது. ராஜி 'மாமா, மாமா' என்று கத்தியது கொஞ்ச தூரம் கேட்டது. மூவரும் கண்ணுக்கு மறைந்தபின், "போன தடவையும் உனக்குத்தான் முதல்லே போட்டேன், விசாலம்" என்று ஜன்னலுக்கு வெளியே சத்தமாகவே சொன்னேன்.