கிளட்ச் காலும் திங்கட்கிழமை ஓட்டமும்

“...ஆமைகூட ஹாரன் அடிச்சி சைடு கேக்கும்க்கா. இதுக்குப் பேரு ஓட்டமா? இதுக்கா அந்தக் காசு குடுத்து ஷூ வாங்கினேன், செருப்பு மாட்டிகினு வந்திருப்பேனே! பாக்கறவன் இன்னா நெனைப்பான்? இந்தாளு பஸ்ஸ வுட்டுட்டான், அடுத்த பஸ்ஸுக்கு டைம் கீதுன்னு நெனைப்பான்!”

அன்பு இவ்வளவையும் ஓடிக்கொண்டே, ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தான். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு வாயெல்லாம் பல்.

“இத்தினி பேச முடியுதில்ல? அப்போ வேகம் கரெக்டா கீது. இதான் ஈஸி ரன்,” என்றேன்.

“பேசறதுக்கு மெடல் குடுப்பாங்களாக்கா?”

“குடுத்தா மொதல்ல எனக்குத்தான் குடுப்பாங்க. நீ ஓடு.”

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடையாய் நடந்த கால், வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஓட ஆரம்பித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. செல்போனில் பார்த்தேன், தப்பாக ஓடினேன், வலித்தது, திருத்திக்கொண்டேன். இப்போது ராயபுரம், திருவொற்றியூர் ஆட்களை மாரத்தானுக்குத் தயார் செய்வது என்னுடைய இரண்டாவது உத்தியோகம். இந்த உத்தியோகத்தில் வேகமாக ஓடச் சொல்வது சுலபம். மெதுவாக ஓடச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

சாந்தியின் கண்டிஷன்

அன்பு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். நாற்பதைத் தாண்டியவன். போன வருஷம் தானாகவே பயிற்சி எடுத்தான். எல்லா நாளும் பந்தய நாள் மாதிரி ஓடினான். பந்தயம் வருவதற்குள் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்துவிட்டது. இடது கால் என்றால் கிளட்ச் கால். அது படுத்துவிட்டால் வண்டியும் படுத்துவிடும். மாசக்கணக்கில் ட்ரிப் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தான்.

இந்த வருஷம் அவனை என்னிடம் கூட்டிவந்து நிறுத்தியது அவன் மனைவி சாந்தி.

“இந்தாளு ஓடட்டும்க்கா, நான் வேணான்னு சொல்லல. இன்னொரு வாட்டி நொண்டிகினு வூட்டுக்கு வந்தா ஷூ குப்பத்தொட்டிக்குப் போயிடும். அதோட மாரத்தான் கத முடிஞ்சிது. நீங்கதான் சாட்சி.”

அன்பு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தச் சாந்தமான முகத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அவனுக்கு நான் போட்டுக்கொடுத்தது சாதாரணத் திட்டம். வாரத்தில் பெரும்பாலான நாள் ஈஸி ரன், அதாவது பக்கத்தில் வருகிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். திங்கட்கிழமை ரிக்கவரி ரன். இது ஈஸி ரன்னைவிடவும் மெது, தூரமும் குறைவு. ஞாயிறு ஓடிக் களைத்த காலுக்கு ரத்தம் ஓட வைத்து ஆற வைப்பது மட்டும்தான் அன்றைய வேலை. பார்க்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் வந்தால்தான் சரியாக ஓடுகிறோம் என்று அர்த்தம்.

முதல் திங்கட்கிழமை, தலையில் மீன் கூடையோடு நடந்து வந்த ஓர் அம்மா எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், “ஓரமா போங்கப்பா, ஐஸ் உருகுது” என்றார். அன்பு என்னை முறைத்துக்கொண்டே ஓடினான்.

வரிசையில் நிற்கிற வாய்கள்

மற்ற ஊர் ஓட்டக்காரர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு உண்டு. நாங்கள் ஓடுவது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை. சில நாள் வால் எங்கே என்றே தெரியாது. கேபினில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களுக்குப் பொழுது போகாது. அவர்கள் எல்லாருக்கும் அன்புவைத் தெரியும்.

“இன்னா மாமு, டீசல் தீந்துபோச்சா?”

ஒருத்தன் கேட்டால் போதும், அன்பு ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவான். வரிசை முடிகிற வரைக்கும் குதிரை. அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தினமும் இதே கதை. ஈஸி ரன் என்று கிளம்புவது பாதி வழியில் பந்தயமாகிவிடும்.

வாட்ச்சைப் பார்த்து ஓடச் சொன்னேன். “நம்பர் ரொம்பக் கேவலமா கீதுக்கா,” என்று அதற்கும் வேகம் கூட்டினான். வாட்ச்சைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அதுவும் நல்லதுதான். மார்கழிக் காலையில் சும்மா வருகிற வேகம், காற்று நின்றுபோன புழுக்கத்தில் நெஞ்சை அடைக்கும். புழுக்கம் வாட்ச்சுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும்.

கடைசியில் அவன் வாயையே அவனுக்கு பிரேக்காக வைத்தேன். “எவன் கிண்டல் பண்ணாலும் நீ பதில் சொல்லணும். ஓடிகினே, முழுசா சொல்லணும். நடுவுல மூச்சு முட்டினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அங்க குறைச்சிக்கணும்.”

அன்றைக்கே பலன் தெரிந்தது. கேபினிலிருந்து கவுஸ் எட்டிப் பார்த்தான். அன்புவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்து.

“மெதுவா போ மாமு, காசிமேட்டுல வஞ்சிரம் ஒனக்காவ வெயிட் பண்ணுது!”

“வஞ்சிரம் வெயிட் பண்ணட்டும் நைனா. நீ காலைலர்ந்து ஒரே எடத்துல வேர் வுட்டுகினு கீற. ஒனக்கு நான் ஸ்பீடுதான்!”

கேபின்களில் சிரிப்பு. அன்புவுக்கு மூச்சு வாங்கவே இல்லை. அதன் பிறகு, நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவன் மெதுவாக ஓடினான். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் கால் லேசாக இருக்கிறது என்று அவனே வந்து சொன்னான்.

அந்தத் திங்கட்கிழமை

பந்தயத்தை முடித்தானா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடித்தான். மறுநாள் கிளட்சும் மிதித்தான். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது பந்தய நாளைப் பற்றி அல்ல, அதற்கு மூன்று வாரம் முன்பு வந்த ஒரு திங்கட்கிழமையைப் பற்றி.

முந்தின நாள்தான் பயிற்சியிலேயே நீளமான ஓட்டம். ரிக்கவரிக்காக மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று அன்புவின் பேச்சு நின்றது. அவன் பேச்சு நின்றால் ஏதோ கோளாறு.

“இன்னாடா?”

“அதே எடம்க்கா. சுருக்குனு கீது.”

நாங்கள் இருந்தது வரிசைக்கு நட்ட நடுவில். முன்னாலும் பின்னாலும் கேபின் கேபினாகத் தலைகள். கவுஸ் பார்த்துவிட்டான்.

“இன்னா மாமு, பஞ்சரா? கயிறு கட்டி இழுக்கட்டா?”

நாலைந்து ஹாரன் சேர்ந்து அடித்தன. அன்புவின் தாடை இறுகியது. வழக்கமாக அதற்கடுத்து அவன் பாய்வான். அங்கே நின்றுவிட்டால் மணலி வரைக்கும் எல்லா டீக்கடையிலும் அவன்தான் பேச்சு. பாய்ந்தால் சாந்தியின் குப்பைத்தொட்டி. ஈஸி ரன்னுக்கு ஒரு வேகம், ரிக்கவரிக்கு ஒரு வேகம், வலிக்கிற நாளுக்கு ஒரு வேகம். மூன்றாவதை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது, அவரவரே எடுக்க வேண்டிய முடிவு.

அன்பு வரிசையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தான்.

“ஆமா நைனா, பஞ்சர்தான்,” என்றான் சத்தமாக. “கதவத் தொற.”

வலது காலை முதலில் வைத்து கேபினில் ஏறினான். வண்டி அசையவில்லை, வரிசையும் அசையவில்லை. அவன் ஷூவைக் கழற்றி, இடது காலைத் தூக்கி டேஷ்போர்டு மேல் நீட்டிக்கொண்டு, கவுஸின் டிபன் டப்பாவைத் திறந்தான்.