முதலில் கால்

கையைத் தன் கழுத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் அக்கா நோயாளியின் பாதத்தைத் தொடுவார். மானிட்டரைப் பார்ப்பதெல்லாம் பிறகு. "முதல்ல காலு, அப்புறம்தான் நம்பரு" என்பார். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குக் காலக்கா என்றே பெயர். "காரியம் ஆகணும்னா நாங்க டாக்டர் காலப் பிடிப்போம். நீங்க நோயாளி காலப் பிடிக்கிறீங்க" என்று சீண்டுவேன். "நீயும் ஒருநாள் படுப்ப, அப்ப பாத்துக்கறேன்" என்பார்.

மருந்துச் சோதனைக்கான நர்ஸ் அவர், நான் வார்டு நர்ஸ். கிருமி ரத்தத்தில் பரவினால் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கண்டபடி உண்டாக்கும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். அந்த வாயுவை அடக்கும் புது மருந்தைத்தான் சோதிக்கிறோம். தொங்கும் பையில் இருப்பது மருந்தா, வெறும் உப்புநீரா என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அக்காவின் கணவர் இதே நோயில், இதே வார்டில் போனார். சோதனை தொடங்கியது அடுத்த மாதம். "அந்த மனுஷனுக்குக் காய்ச்சல் ஒரு மாசம் தள்ளி வந்திருக்கக்கூடாதா?" என்று டீ ஆறுவது தெரியாமல் கேட்பார். "எப்பவும் ஐஸ் மாதிரி காலு. தூக்கத்துல எம்மேல வச்சு சூடு ஏத்திக்குவாரு. நான் திட்டித் தள்ளிவிடுவேன்." மருந்து ஜெயித்தால் அவரே எழுந்து வந்துவிடுவார் என்பதுபோல ஓர் ஏக்கம் அக்காவுக்கு.

போன வாரம் ஒரு லாரி டிரைவருக்குப் பை மாட்டினோம். மதியத்துக்குள் பிரஷர் விறுவிறுவென்று ஏறியது. டிரைவரின் மனைவி சந்தோஷத்தில் அழுதுவிட்டார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. வழக்கம்போல் கையைச் சூடேற்றிப் பாதத்தைத் தொட்டார். முகம் அப்படியே அணைந்துபோனது.

"சார், காலு சில்லுனு இருக்கு. விரல்ல நீலம் ஏறுது" என்று டாக்டரைக் கூப்பிட்டார்.

"நம்பர் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நம்பர் நல்லாருக்கு. காலுக்கு ரத்தம் போகல."

டாக்டர் தொட்டுப் பார்த்தார். மருந்து குழாய்களை அளவுக்கு மீறி இறுக்கினால் இப்படி ஆகும் என்று எங்களை முன்பே எச்சரித்தவர் அவர்தான். "நிறுத்திடலாமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு அனுமதி தேவையில்லை, ஆனாலும் கேட்டார்.

"நிறுத்திடலாம் சார்." அக்காவே குழாயை மூடினார்.

"நல்ல மருந்துதானே, ஏன் நிறுத்துறீங்க?" என்று டிரைவரின் மனைவி பதறினார்.

"நல்ல மருந்தா இருக்கணும்னு நானும்தாம்மா ஆசப்பட்டேன்."

பிரஷருக்கு வழக்கமாகக் கொடுக்கும் பழைய மருந்தையே மாட்டினோம். அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டார். மயக்கத்தில் டிரைவர் காலை நீட்டி அவர் வயிற்றில் இடித்தார். அக்கா தள்ளிவிடவில்லை, இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டார்.