திரையில்லாத கொம்பியூட்டரில் விடுபட்ட ஃபைல்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எங்கள் தரம்பிரிக்கும் மெஷின் நல்ல தூளைக் கழிவுத் தொட்டியில் கொட்டத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை லொறி கொண்டுவந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போகும்படி தோட்டத்துரை சொல்லிவிட்டார். அதற்குள் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கம்பனி அதுவரை விற்றிருந்த ஒரே மெஷின் அது.

மெஷின் செய்யும் வேலை இதுதான். தேயிலை பெல்ட்டில் ஓடும். மேலே உள்ள கமரா அதை வரி வரியாகப் படமெடுக்கும். ஒரு வரிக்கு இரண்டாயிரம் புள்ளிகள். கிராபிக்ஸ் கார்ட் புள்ளிக்கு ஒரு த்ரெட் வீதம், அதாவது புள்ளிக்கு ஒரு குட்டி வேலையாள் வீதம் ஏவி, அது தூளா காம்பா என்று பார்க்கும். காம்பு என்றால் காற்றுக் குழாய் ஊதித் தள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் முடிந்திருக்கும். ப்ரோகிராமை எழுதியவள் கலஹாவைச் சேர்ந்த சாந்தினி. அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

சிஸ்டம் அப்கிரேட் செய்த பிறகுதான் இந்தப் பழுது வந்தது. தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் இராஜமணி கழிவுத் தொட்டியில் கைவிட்டு அள்ளிக் காட்டினார்.

"இங்க பாருங்க சேர், அம்புட்டும் தூளு. வலது பக்கம் வர்றத எல்லாம் ஊதித் தள்ளுது. நாலு கோழிய அவுத்துவிட்டாக் கூட இதவிட நல்லாப் பொறுக்கும்."

"ஒபிஸ்ல சரியா ஓடுதுங்க" என்றாள் சாந்தினி.

"அப்ப ஒபிஸ்லயே தேயில அரைங்கம்மா."

ஓடுகிற ப்ரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க டீபக்கர் என்றொரு கருவி உண்டு. தொழிற்சாலைக் கொம்பியூட்டரில் அது வேலை செய்ய மறுத்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. ஒபிஸில் டீபக்கர் ஓடியது, பழுது வரவில்லை. இங்கே பழுது வந்தது, டீபக்கர் ஓடவில்லை.

டிரைவர் என்பது ஒரே பொருளாக வருவதில்லை. சிஸ்டத்தைத் தொகுத்து வெளியிடுபவர்கள் அதைப் பல பெக்கேஜ்களாகப் பிரித்துத் தருகிறார்கள். ஒபிஸ் கொம்பியூட்டரில் எண்ணினேன்: பத்தொன்பது. தொழிற்சாலையில்: பதினொன்று. தூசிக்குப் பயந்து அங்கே நாங்கள் திரை வைக்கவில்லை. அதனால் திரையில்லாத கொம்பியூட்டருக்கான தொகுதியைப் போட்டிருந்தோம். அப்கிரேடுக்கு முன் அந்தத் தொகுதியிலும் டீபக்கருக்குத் தேவையான லைப்ரரி ஃபைல் இருந்தது. புதிய பதிப்பில் அதைத் திரையுள்ள தொகுதிக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே ஒரு ஃபைல்தான். அது இல்லாமலும் ப்ரோகிராம் ஓடும் என்பதால் யாருக்கும் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

"அந்த ஃபைல் இருக்கிற பெக்கேஜ மட்டும் போட்டுருவோமா சேர்?" என்று கேட்டாள் சாந்தினி.

"போட்டா மத்த ஏழையும் கூட்டிக்கிட்டு வரும் பிள்ள. டிரைவர் மாறிடும். நாம தேடுற பழுது கைக்கு அகப்படாமப் போயிடும்."

சாந்தினி யோசித்தாள். பெக்கேஜை நிறுவாமல் பிரித்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் வெளியே எடுத்து, தனி இடத்தில் வைத்து, டீபக்கருக்கு வழி காட்டினாள். பதிப்பு எண் கடைசி இலக்கம் வரை பொருந்துகிறதா என்று மூன்று தடவை ஒப்பிட்டேன்.

"ஒரு மூட்டதான் தருவேன்" என்றார் இராஜமணி. "தொர கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

தேயிலை ஓடியது. சாந்தினி பட்டனை அழுத்தினாள். எல்லாம் நின்றது.

அவளுடைய லப்டொப்பில் தெரிந்ததை எப்படிச் சொல்வது? இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு த்ரெட்டுகள், ப்ரோகிராமின் ஒரே வரியில், தோட்டத்துக் காலைப் பெரட்டில் பேர் வாசிக்க நிற்கும் ஆட்களைப் போல அசையாமல் நின்றன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு புள்ளியின் நிறம். எதை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கலாம். இராஜமணிகூடக் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுப் பேரும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளயா வேல செய்றாங்க?"

"ஆமாங்க. ஆனா நாப்பத்தெட்டுப் பேர் அதிகம்" என்றேன்.

கார்ட் அறுபத்துநான்கு அறுபத்துநான்காகத்தான் ஆள் அனுப்பும். இரண்டாயிரம் புள்ளிகளுக்கு முப்பத்திரண்டு குழு வேண்டும். கடைசிக் குழுவில் நாற்பத்தெட்டு மிச்சம். அவற்றுக்குப் பார்க்கப் புள்ளி இல்லை. வரியின் முடிவைத் தாண்டி, நினைவகத்தில் கிடந்த பழைய குப்பையைப் படித்து, காம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தன. வரியின் முடிவு பெல்ட்டின் வலது ஓரம், அதனால் அந்தப் பக்கத்துக் குழாய்கள் ஊதித் தள்ளின. பழைய டிரைவர் அந்த இடத்தைப் பூச்சியமாக்கித் தந்திருக்கிறது, புதியது தரவில்லை. ஒபிஸ் கார்டில் அந்த இடம் தற்செயலாகக் காலியாக இருந்தது.

'புள்ளி இல்லாதவர்கள் விலகி நிற்கவும்' என்று ஒரு வரி எழுதினாள் சாந்தினி. மீண்டும் ஓட்டினோம். இராஜமணி கழிவை அள்ளி, விரலால் பரப்பி, முகர்ந்து பார்த்தார்.

"காம்புதான். நான் தொரகிட்டப் பேசுறேன். லொறி வேணாம்னு சொல்லிருங்க."

தொகுப்பவர்களுக்கு நடந்ததை எழுதி அனுப்பினோம். முகம் தெரியாத யாரோ ஒருவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். அடுத்த பதிப்பில் அந்த ஃபைல் இரண்டு தொகுதிகளிலும் இருந்தது. ஆயிரக்கணக்கான பெக்கேஜ்களை ஒன்றோடொன்று பொருந்த வைக்கும் அந்த மனிதர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுதானே விடுபட்டது என்ற பிரமிப்புத்தான் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்கிரேட் முடிந்ததும் ப்ரோகிராம் ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். நல்லபடி ஓடும்போதே டீபக்கரை மாட்டி ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பழுது வந்த பிறகு டீபக்கரைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நான் இப்போது ஒவ்வொரு அப்கிரேடுக்குப் பின்னும் அதைச் செய்கிறேன். அத்தனை த்ரெட்டுகளும் ஒரே நொடியில் நிற்கும்போது, அவசியம் இல்லாவிட்டாலும், சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் ஓட விடுகிறேன்.